பாப்பாவுக்கு, முக்காலிக் கால் விஷயமாக

டெங்கில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ கிள்ளானிலிருந்து தொலைநோக்கி வழியாக எடுத்து அனுப்பிய வீடியோவை உன் அத்தையும் பார்த்தாள். யாரோ நிலாவைத் தூளியில் போட்டு ஆட்டுவது மாதிரி இருக்கிறது என்று ஒரே சிரிப்பு. போனில் சொன்னால் பாதியில் "சரி சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்டைப் பெரிதாக வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்த 80 மில்லிமீட்டர் குழாய்க்கு உன் மவுண்ட் போதும். கோளாறு முக்காலியின் காலில்தான். கம்பெனிக்காரன் லென்ஸுக்குச் செலவு செய்வான், மவுண்டுக்குக் கொஞ்சம் செய்வான், கடைசியில் மிச்சத்தை வைத்துக் கால் செய்வான். பெட்டியின் மேல் படத்தில் கால் நன்றாகத்தான் தெரியும். நூறு மடங்கு பெருக்கிப் பார்க்கும்போது காலின் நடுக்கமும் நூறு மடங்கு பெரிதாகிறது. அதைப் படத்தில் போட முடியாதே.

முதலில் எது ஆடுகிறது என்று கண்டுபிடி. நிலாவில் ஒரு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, குழாயின் முனையை விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டு. படம் ஒரு வினாடியில் நின்றால் நல்லது. மூன்று நான்கு வினாடி ஆடினால் வேலை இருக்கிறது. பிறகு பகலில் குழாயைக் கழற்றிவிட்டு, முக்காலியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, ஜாடி மூடியைத் திறப்பது போல் இடமும் வலமுமாக முறுக்கிப் பார். உன் அம்மாவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டு நிற்கச் சொல். உள்ளே அசைவு இருந்தால் விரலுக்குத் தெரியும். பெரும்பாலும் காலின் மேல் முனை தலையோடு சேரும் இடத்தில்தான் இருக்கும். அங்கே சாதாரண நட்டு போட்டிருந்தால் கழற்றிவிட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடு. இரண்டு பக்கமும் அகலமான வாஷர். கால் விரியும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிற அளவுக்கு இறுக்கு. நடுவில் காலை இணைக்கும் அந்த மெல்லிய தகரத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் முக்கோணமாக ஒன்று அறுத்து, மூன்று காலையும் வெளிப்பக்கம் தள்ளி இறுகப் பிடிக்கிற மாதிரி மாட்டு. இதற்கெல்லாம் சில வெள்ளிதான் ஆகும். பாதி ஆட்டம் இதிலேயே போய்விடும்.

அடுத்தது நீளம். நீ காலை முழுக்க இழுத்து விட்டிருக்கிறாய், ஏன் என்றும் தெரியும். நம் ஊரில் கிரகங்கள் உச்சந்தலைக்கு மேலேயே போகின்றன. லென்ஸ் குழாயில் கண் வைக்கும் பக்கம் கீழே இருப்பதால், மேலே பார்க்கப் பார்க்க அது முழங்காலுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒரு கம்பி வளைவது நீளத்தின் மும்மடிக்கு ஏற்றபடி. 70 சென்டிமீட்டரில் இருக்கும் காலை 120க்கு இழுத்தால் ஐந்து மடங்கு வளையும். உள்ளிருந்து வரும் குழாய் இன்னும் ஒல்லி, அதனால் உண்மையில் அதைவிட மோசம். விட்டம் இதற்கு நேர் எதிர்: தகட்டின் கனம் அதேதான் என்றாலும் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே குட்டையான, தடித்த கால். உயரம் வேண்டுமென்றால் முக்காலித் தலைக்கும் மவுண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த குழாயை நிற்க வை. போட்டோ முக்காலி வேண்டவே வேண்டாம். அதன் நடுக்கம்பத்தை உயர்த்திய கணமே எல்லாம் போச்சு.

அந்த நடுக்குழாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை இங்கிலாந்துக்காரன் எழுதிய புத்தகத்தில் பார்க்க மாட்டாய். மவுண்டின் துருவ அச்சு, நீ இருக்கும் இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். லண்டனில் 51 டிகிரி. கிள்ளானிலும் டெங்கிலிலும் ஏறக்குறைய 3. அதாவது அச்சு படுத்தே கிடக்கிறது. அங்கே எதிர்எடை காலை விட்டு விலகிச் சாய்வாக நிற்கும். இங்கே செங்குத்தாகத் தொங்கி, வடக்குப் பார்த்த காலிலேயே இடிக்கும். நீ எழுதியிருந்த "டொக்" சத்தம் அதுதான். மவுண்ட் கெட்டுப்போகவில்லை.

என்ன செய்யலாம்? வடக்கே ஒரு கால் நிற்காமல், வடக்கின் இரண்டு பக்கமும் இரண்டு கால் நிற்கும்படி முக்காலியைத் திருப்பு. தலையில் திசை திருத்தும் முளை ஒன்று இருக்கும். சிலவற்றில் அதைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டலாம். முடியாவிட்டால் நடுக்குழாயின் மேல் தட்டை நாமே துளைபோட்டு, முளையை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அச்சு 3 டிகிரிக்கு இறங்க மாட்டேன் என்று 10இல் நின்றால், வடக்குப் பக்கத்து இரண்டு காலையும் கொஞ்சம் குட்டையாக்கு. தலை வடக்கே சாய்ந்து கணக்கு சரியாகிவிடும். ஆனால் பாரமும் வடக்கே போகும், ஆகவே காலை நன்றாக அகட்டி வை. துருவ நட்சத்திரத்தைத் தேடிக் கழுத்தை ஒடிக்காதே. அது அடிவானத்துப் புகைமூட்டத்தில் கிடக்கிறது. திசைகாட்டியே போதும்.

இனி என் ஆசை. அலுமினியத்தை விட்டுவிட்டு மரக்கால் போடுவோம். மரம் அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும், உலோகம் மணி அடித்த மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் பெர்லபாக் என்ற கம்பெனி இன்றைக்கும் ஆஷ் மரத்தில் முக்காலி செய்கிறது. விலையைப் பார்த்தால் உன் அப்பா மயங்கி விழுவார். நமக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) இருக்கிறதே! உன் தாத்தா பால் வெட்டிய பிராங் பெசார் தோட்டம், முதல் உலகப் போரிலிருந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. பிபி 86, பிபி 260 என்று உலகம் முழுக்க நட்டார்களே, அந்த ஒட்டுக்கன்றுகளின் "பிபி" அந்தத் தோட்டத்தின் பெயர்தான். இன்றைக்கு அங்கே புத்ராஜெயா நிற்கிறது. ஏறக்குறைய 25 வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். தாத்தா காலத்தில் அது அடுப்புக்கும் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்கும் போகும் விறகு. பிறகுதான் மூவார் தளவாடத் தொழிற்சாலைகள் அதைக் கட்டிலும் மேசையுமாக்கி ஏற்றுமதி செய்யத் தொடங்கின.

கடைக்குப் போய்ப் புதுச்சட்டம் வாங்காதே. யாராவது தூக்கிப் போட்ட பழைய கட்டிலின் நீளச்சட்டம் போதும். வெளிர்மஞ்சளாக, நேரான இழையோடு இருக்கும். பக்கவாட்டில் உற்றுப் பார்: பல்பல்லாகக் கோத்து ஒட்டிய இணைப்பு இருந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு அறுக்க வேண்டும். நம் ஈரத்தில் பசை விடும். பொடிப்பொடியாகத் துளையும் கீழே மாவும் இருந்தால் வண்டு இருக்கிறது, தொடாதே. பால்மரத்துக்கு மழையும் பூஞ்சணமும் ஆகாது, அதனால் வார்னிஷ் அவசியம். முக்கியமாக அறுத்த முனைகளுக்கு இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சட்டம், மேலே அகன்று கீழே சேரும்படி. மேலே எவ்வளவு அகலமோ அவ்வளவு முறுக்கம் குறையும். நீளம் மாற்றும் ஏற்பாடே வேண்டாம். ஒரு மூட்டைக் குறைத்தால் ஒரு ஆட்டம் குறைந்தது.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் சர்வேயர்கள் வைத்திருக்கும் பழைய மரமுக்காலி தேடு. பாறை மாதிரி நிற்கும். தலையில் எட்டில் ஐந்து அங்குலத் திருகு வரும், உன் மவுண்டுக்கு இடையில் ஒரு தட்டுக் கடைய வேண்டும், அதை நான் பட்டறையில் செய்து தருகிறேன். கூரான இரும்புப் பாதம் சிமெண்ட் தரையில் வழுக்கும், மூன்று காலையும் சங்கிலியால் கட்டிக்கொள்.

அதுவரைக்கும் இருக்கிற அலுமினியக் காலில் மணல் போடலாம். மணல் காலை வலுவாக்காது, அதிர்வைச் சீக்கிரம் அடக்கும். டெங்கிலில் மணலுக்கா பஞ்சம்? ஆற்று மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கித் தருகிறேன். மோரிப் கடற்கரைக்குப் போகும்போது ஒரு பை அள்ளிவரலாம் என்று நினைக்காதே, உப்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

தரை முக்கியம். ஃபிளாட் நடைபாதையில் வைத்தால், பக்கத்து வீட்டுப் பையன் ஓடுவது சனியின் வளையத்தில் தெரியும். மாடிக்கூரையும் அப்படித்தான். கீழே இறங்கிக் கார் நிறுத்தும் இடத்தில் வை. மழை பெய்த புல்தரையில் கால் மெதுவாகப் புதையும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு நடைபாதைக் கல் போடு.

தீபாவளிக்கு வரும்போது முக்காலித் தலையையும் மவுண்டையும் மட்டும் எடுத்து வா, குழாய் வேண்டாம். அதற்கு முன், கால் மாட்டும் காதுகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர், போல்ட்டு எவ்வளவு தடிமன், இரண்டையும் அளந்து எழுது. ஸ்கூல் அடிக்கோல் வேண்டாம், உன் அப்பாவின் வெர்னியர் காலிப்பரில் அள. சட்டத்தை நான் இப்போதே அறுத்துக் காய வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா