மெட்ரோபொலிஸுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய நாள் முதல் என்ன எழுதுவது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். தோழியர் கவிதை தந்தனர். சிலர் பொன்மொழிகளைத் திரட்டினர். என் கைவசம் இருந்ததோ ஒரு சண்டை மட்டுமே. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோடு ஓராண்டாக நான் போட்டுவரும் சண்டை அது. அதையே எழுதுகிறேன், வாசகர்கள் பொறுத்தருள்க.

தொடரின் பெயர் 'ஸ்மால்வில்'. 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே மாதம் வரை பத்து சீசன்களாக, 200க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. சூப்பர்மேன் என்று உலகம் அழைப்பதற்கு முன், கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் கிளார்க் கென்ட் என்ற பையனாக அவன் வளர்ந்த கதை. ஆங்கிலம் பழகட்டும் என்று சித்தப்பா மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். நான் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு பேருந்தில் பார்த்தேன். ஒரு பகுதி ஏறத்தாழ 42 நிமிடம். நான் பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரம் சரியாக இரண்டு பகுதி. (அமர்ந்திருக்கும் என்று எழுதியது பழக்கதோஷம். பாதி நாள் நின்றுகொண்டுதான்.)

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கல்லூரி 46 கி.மீ. காலை 6.30க்கு அப்பா டி.வி.எஸ். 50இல் முதல் 6 கி.மீ. கொண்டுவந்து நெடுஞ்சாலையில் விடுவார். பிறகு காத்திருப்பு, பேருந்து, பேருந்து நிலையத்திலிருந்து நடை எல்லாம் முடிந்து கல்லூரி வாசலை மிதிக்கும்போது 8.40. ஒரு வழிக்கு 2 மணி 10 நிமிடம். போக வர 4 மணி 20 நிமிடம். ஆண்டுக்கு 180 வேலை நாள் என்று பெருக்கினால் 780 மணி நேரம் வருகிறது. அதாவது, இரவு பகல் சேர்த்து முப்பத்திரண்டரை நாள். இலவசப் பயண அட்டை இருப்பதால் காசு செலவில்லை; நாள்தான் செலவு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தொடரில் யார் எங்கிருந்து எங்கே எப்படிப் போகிறார்கள் என்று கவனிக்கும் நோய் என்னைப் பற்றிக்கொண்டது.

கதையில் இரண்டு ஊர்கள். ஒன்று ஸ்மால்வில் என்னும் சிற்றூர். மற்றொன்று மெட்ரோபொலிஸ் மாநகரம். 'டெய்லி பிளானட்' நாளிதழ் அங்கேதான். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' திரைப்படத்தில் பண்ணை கான்சாஸில் இருக்கும்; மெட்ரோபொலிஸாகக் காட்டப்பட்டதோ நியூயார்க் நகரம். இடையில் ஏறத்தாழ 2,000 கி.மீ. பறப்பவனுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் ஸ்மால்வில் தொடரின் தயாரிப்பாளர்களோ, கிளார்க் பறக்கக் கூடாது, அந்த நீலச் சிவப்பு உடுப்பையும் அணியக் கூடாது என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டவர்கள். உடுப்பைக் கையில் எடுத்து அவன் வானில் ஏறுவது கடைசிப் பகுதியில்தான். பறக்காதவனை நாள்தோறும் நியூயார்க்குக்கு அனுப்ப முடியுமா? ஆகவே மாநகரத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து கான்சாஸில் வைத்துவிட்டார்கள் போலும். இது என் ஊகம். எங்கள் ஊருக்குக் கல்லூரி கேட்டு மனுக் கொடுப்பவர்கள் இந்தத் தொடரைப் பார்த்தால் பொறாமை கொள்வார்கள்.

சரி, கிளார்க் ஓடுகிறான். கான்சாஸ் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 650 கி.மீ. நீளமுள்ளது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 300 கி.மீ. என்று தூரத்தை வைத்துக்கொண்டேன். திரையில் அவன் ஒரு கோடுபோல மறைகிறான். அடுத்த காட்சியில் நகரத்தில் நிற்கிறான். 20 நொடி என்று தாராளமாகவே கொடுப்போம். நொடிக்கு 15 கி.மீ. வேகம் ஆகிறது. முதலாண்டு இயக்கவியல் படித்தவர்கள் இப்போது சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். பூமியின் மேற்பரப்பை ஒட்டி நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தை எட்டிய எப்பொருளையும் புவியீர்ப்பு தரையோடு இறுத்தி வைக்க முடியாது. அது சுற்றுப்பாதை வேகம். 11.2ஐத் தாண்டினால் பூமியை விட்டே போய்விடும். பறக்கத் தெரியாத பையன், ஓடியே பறந்து விண்வெளிக்குப் போயிருக்க வேண்டும்!

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஓடுகிறவனை முன்னே தள்ளுவது அவன் கால் மட்டுமன்று, தரையின் உராய்வுந்தான். நல்ல ரப்பர் அடிப்பாகமுள்ள காலணிக்குக் காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 1 என்று கொண்டால், வேகம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வரை கூடலாம். அதற்கு மேல் உதைத்தால் வழுக்கும், எவ்வளவு பலசாலியானாலும். பாதித் தூரம் வேகம் கூட்டி, மறு பாதி வேகம் குறைத்து நின்றால் 300 கி.மீ.க்கு 5 நிமிடம் 50 நொடி ஆகிறது. நடுவழியில் அவன் வேகம் ஒலியைப்போல் ஐந்து மடங்கு. வழியிலுள்ள ஊர்களில் ஒரு சன்னல் கண்ணாடி மிஞ்சாது. இந்தக் கணக்கை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். கையொப்பமிடும்போது எங்கள் பேராசிரியர் அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். திட்டு விழும் என்று நின்றேன். "காற்றுத் தடையை விட்டுட்டியே" என்றார்கள். அவ்வளவுதான்.

ஆக, கிளார்க்குக்கு ஆறு நிமிடம். கொடுத்துவிட்டுப் போகலாம்; வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன் என்று முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டார்கள். அவனோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டையை உண்மையில் தொடங்கி வைத்தது என் அம்மா. அம்மா ஐந்தாம் வகுப்புப் படித்தவள். ஆங்கிலம் தெரியாது. இரவு அடுப்படி வேலை முடிந்ததும் என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். முதல் பகுதியில் கிளார்க்கைச் சோளக்காட்டில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். "அட, நம்ம மக்காச்சோளம்!" என்றாள். அன்று முதல் அவளும் ஒரு நேயர். கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வாள்.

தொடரில் குளோயி சல்லிவன் என்று ஒரு பெண் உண்டு. பள்ளியில் மாணவர் பத்திரிகை நடத்துகிறவள். பின்னாளில் டெய்லி பிளானட்டின் அடித்தளத்து அறையில் வேலை பார்க்கிறவள். அறிவையும் துணிச்சலையும் வைத்துக்கொண்டு எல்லாரையும் காப்பாற்றுவாள். எனக்குப் பிடித்தவள் அவள்தான். ஒருநாள் இரவுக் காட்சியில் நகரத்து அலுவலகத்தில் இருந்தவள், மறு நிமிடம் கிளார்க்கின் தானியக் கொட்டகையில் வந்து நின்றாள். அம்மா கேட்டாள்:

"ஏண்டி பாப்பா, இந்தப் புள்ள இன்னேரத்துக்கு எப்புடி வந்துச்சு? பஸ்ஸு இருக்கா அங்க?"

"கார் இருக்கும்மா."

"காரு இருந்தா மட்டும்? அம்புட்டுத் தூரம் ராத்திரில தனியாவா? காலையில திரும்ப வேலைக்குப் போவணுமே, எப்பத் தூங்கும்?"

என்னிடம் விடை இல்லை. 300 கி.மீ. என்றால் காரில் மூன்று மணி நேரமாவது ஆகும். போக மூன்று, வர மூன்று. அன்றிரவே திரும்பவும் அலுவலகத்தில் இருக்கிறாள், முகத்தில் ஒரு சோர்வும் இல்லாமல். லோயிஸ் லேனும் அப்படியே. குடியிருப்பது ஸ்மால்வில்லில் 'டேலன்' காப்பிக்கடையின் மாடியில், வேலை மெட்ரோபொலிஸில். பெட்ரோல் போட்டாள், டயர் பஞ்சர் ஆயிற்று, தாமதமாக வந்து திட்டு வாங்கினாள் என்று ஒருநாளும் இல்லை. கிளார்க்கின் வேகத்துக்கு ஒரு காரணம் சொல்ல ஒரு கிரகத்தையே வெடிக்க வைத்தவர்கள், இந்தப் பெண்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. யார் அந்தத் தொடரில் உண்மையான மாயசக்தி உடையவர் என்று எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

இதற்கு விடையைப் பிறகு நானே கண்டுபிடித்தேன். தொடர் எடுக்கப்பட்டது கான்சாஸில் அன்று. கனடா நாட்டு வான்கூவர் பகுதியில். மெட்ரோபொலிஸாக நின்றது வான்கூவர் நகரம். ஸ்மால்வில் கடைத்தெருவாக நின்றது அருகிலுள்ள கிளோவர்டேல் என்னும் இடம். இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 40 கி.மீ. ஆக, நடிகர்கள் போய்வந்த தூரமே கதையின் தூரமாகிவிட்டது. என் ஊருக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு! அம்மாவிடம் சொன்னேன். "அப்புடின்னா பரவால்ல" என்று சற்றே சமாதானமானாள். பிறகு, "நாப்பதுக்கே நீ எந்திரிக்கிற நேரம் எனக்குத் தெரியாதா" என்றாள்.

2021 முதல் 2024 வரை வந்த 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' என்ற தொடர் இந்த வகையில் நேர்மையானது. அதில் குடும்பம் ஸ்மால்வில்லுக்குக் குடிபெயர்கிறது; லோயிஸ் டெய்லி பிளானட்டை விட்டுவிட்டு உள்ளூர்ச் சிறு பத்திரிகையில் சேர்கிறாள். முதலாளியோடு பிணக்கு என்பது கதையில் சொல்லும் காரணம். எனக்கு என்னவோ தூரமும் காரணம் என்றே படுகிறது.

நான் இவ்வளவு சிடுசிடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி. என்னைவிட மதிப்பெண் கூட. இதே கல்லூரியில் கணிதத்தில் இடம் கிடைத்துச் சேர்ந்தாள். அப்போது காலை 6.40க்கு எங்கள் ஊருக்குள்ளேயே ஒரு டவுன் பஸ் வரும். இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வருவோம். முதல் பருவத்தின் நடுவில் அந்த வண்டியின் நேரம் 7.25 ஆயிற்று. நாற்பத்தைந்து நிமிடந்தானே என்று தோன்றும். அதனால் இணைப்பு வண்டி தவறியது. இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்து சேர முடிந்தது. என்னை நெடுஞ்சாலை வரை கொண்டுவிட அப்பா இருக்கிறார். அவள் வீட்டில் ஆள் இல்லை. எங்கள் டி.வி.எஸ். 50இல் மூவர் போகச் சில நாள் முயன்றோம். மழைக்காலம் வந்ததும் முடியவில்லை. வருகைப்பதிவு குறைந்தது. இரண்டாம் பருவத்துக்கு அவள் வரவில்லை. இப்போது ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். தொழிற்சாலை வேன் தெருமுனைக்கே வருகிறது, காலை ஆறு மணிக்கு, ஒருநாள் தவறாமல்.

அவளும் நானும் சேர்ந்துதான் முதல் சீசன் பார்த்தோம், ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு. குளோயியின் தைரியத்தைப் பற்றி வழியெல்லாம் பேசியிருக்கிறோம். குளோயிக்குத் தைரியம் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் தோழிக்கும் அது குறைவில்லை.

கிளார்க்கின் கொட்டகை மாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கும். எங்கள் துறையிலும் ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு மாணவர்களுக்கு வான்நோக்கும் நிகழ்ச்சி நடத்தினார்கள். வியாழனையும் அதன் நான்கு நிலாக்களையும் பார்த்ததாக விடுதி மாணவியர் மறுநாள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் போகிற வண்டிகளில் எனக்குப் பயன்படும் கடைசி வண்டி மாலை 5.45க்கு. அந்த நேரத்துக்கு வானில் சூரியன் ஒன்றுதான் இருக்கும். கோள்களின் இயக்கத்தைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். கோளைக் கண்ணாடி வழியே பார்த்ததில்லை.

அடுத்த நிகழ்ச்சி வரும் மாதம் என்று துறைப் பலகையில் போட்டிருக்கிறது. பேராசிரியர் அம்மாவிடம் என் பெயரைக் கொடுத்தேன். "எப்படிம்மா வீட்டுக்குப் போவே?" என்று கேட்டார்கள். அதே கேள்வியை வீட்டில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். 4.50 என்றேன். தானும் கூட வருவதாகவும், பார்த்து முடித்ததும் இருவரும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த வண்டியைப் பிடிக்கலாம் என்றும் சொன்னாள். அப்பாவிடம் அவளே பேசிக்கொள்வாளாம்.

அம்மாவுடன் இரண்டாம் முறையாகப் பார்த்துவரும் தொடரில் எட்டாவது சீசன் நடக்கிறது. கிளார்க்கும் டெய்லி பிளானட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆறு பகுதிகள் மீதி. அவற்றை அன்றிரவுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறாள்; கைப்பேசியில் சார்ஜ் மட்டும் முழுதாக ஏற்றிக்கொண்டு வர வேண்டுமாம்.