நாலு போத்தல் பால்

லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, மகள் மடிக்கணினியோடு அம்மாவுக்கு முன்னால் இருந்தாள். பல்கலைக்கழக ஒப்படை. இரைமீட்கும் விலங்குகள் வெளிவிடும் மெதேனை மதிப்பிட வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் நோர்மண்டி மாடுகளை எடுக்க, இவள் எங்கள் மாட்டை எடுத்திருந்தாள்.

"அப்பம்மா, உங்கட லட்சுமி ஒரு நாளைக்கு எவ்வளவு பால் தந்தது?"

"காலமை இரண்டரைப் போத்தல், பின்னேரம் ஒண்டரை. ஏன் பிள்ளை?"

மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கும்போது மெதேன் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஏவறையாக வாய்வழியே போகிறது. நூறாண்டுக் கணக்கில், காபனீரொக்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. மாட்டை மூடிய அறைக்குள் விட்டோ, மூக்கருகே குழாய் கட்டியோ அளக்கலாம். ஆனால் உலகத்து மாடுகளை எல்லாம் அப்படி அளக்க இயலாது. ஆகவே தலையை எண்ணி, ஒரு சராசரியால் பெருக்குகிறார்கள்.

ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் அந்தச் சராசரிகள் இருக்கின்றன. மேற்கு ஐரோப்பியக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 117 கிலோ மெதேன். இந்தியத் துணைக்கண்டத்து மாட்டுக்கு 58. பக்கத்திலேயே பால் கணக்கும் உண்டு: இங்கே ஆண்டுக்கு 6000 கிலோ, அங்கே 900.

மகள் கணக்குப் பார்த்தாள். நாலு போத்தல் என்றால் 3 லீற்றர். 300 நாள் கறந்தால் 900. யாழ்ப்பாணத்தை ஒருநாளும் கண்டிராத அட்டவணை, எங்கள் லட்சுமியை அறிந்தே எழுதியதுபோல் இருந்தது.

"தலைக்குப் பார்த்தா உங்கட மாடு பாதிதான் விடுது, அப்பம்மா. ஆனா ஒரு லீற்றர் பாலுக்கு 64 கிராம் வருது. இஞ்சத்தை மாட்டுக்கு 20 கூட இல்லை."

"அப்ப எங்கட மாடோ உலகத்தைக் கெடுத்தது?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கஞ்சித் தண்ணியும் வைக்கலும் திண்டு, தோட்டத்துக்கு எரு தந்தது. அதை ஆர் எழுதுறது?"

அவர் சொன்னது நியாயம். பாலால் மட்டும் வகுத்தால், எருவுக்கும் சேர்த்துத் தின்ற வைக்கோலின் பழி பாலின்மேல்தான் விழும். மகள் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டாள். இந்தச் சராசரி போதாதென்று அடுத்த படிமுறைக்குப் போனாள். அதில் மாட்டின் நிறை, தீவனம், கன்று, உழைத்த நேரம் எல்லாம் கேட்பார்கள். தின்னும் தீவனத்தின் சக்தியில் ஏறக்குறைய 6.5 வீதம் மெதேனாகப் போகிறது என்று கொண்டு கணக்கு முடியும். நடமாட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. கட்டி வளர்த்தால் 0, புல்வெளியில் விட்டால் 0.17, தொலைதூரம் அலைந்து மேய்ந்தால் 0.36.

"லட்சுமியைக் கட்டியோ வைச்சிருந்தனீங்கள், மேயவோ விட்டனீங்கள்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கட்டித்தான். இடம்பெயர்ந்த அண்டு மட்டும் அவிட்டு விட்டன். கண்டு குடிச்சுக்கொண்டிருந்த நேரம். ஒரு மாட்டைச் சனத்துக்குள்ள எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது? மடியில பால் கட்டியிருக்கும். ஆர் கறந்திருப்பினம்?"

மகள் எந்த எண்ணையும் எழுதவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, அப்பம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

அது 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் அப்போது இங்கே. பல நாட்களுக்குப் பிறகு, லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று அம்மாவின் குரலைக் கேட்டேன். "எல்லாரும் வந்திட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஓம், எல்லாரும் வந்திட்டம்" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.