உப்பில் பிறந்த ஜாடி

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பீங்கான் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இதைப் படியுங்கள்.

ஓசூர் ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததும், அம்மாவின் ஊறுகாய் ஜாடியை ஷோகேஸில் வைத்தோம். பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய பூப்போட்ட தட்டுகளில் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு. பந்தாதான், வேறென்ன!

சிப்காட்டில் கெமிஸ்டாக இருக்கும் நண்பர் ஒருநாள் சாப்பிட வந்தார். தட்டைப் பார்த்ததும், "அழகா இருக்கு சார். ஆனா புளி, எலுமிச்சை எதுவும் இதுல வேணாம். அந்தக் காலத்து வண்ண மெருகுல காரீயம் இருக்கலாம். புளிப்பு பட்டா சோத்துல இறங்கும். குழந்தைங்க இருக்கிற வீடு!" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டுகள் அன்றே சுவருக்குப் போயின.

"அப்போ ஜாடி?"

உள்ளேயும் வெளியேயும் தடவிப் பார்த்தார். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. "இது உப்பு மெருகு. சூளை 1,200 டிகிரி சூட்டுல இருக்கும்போது உப்பை வீசுவாங்க. அந்த ஆவி களிமண்ணோட சேர்ந்து கண்ணாடியாப் படியும். காரீயத்துக்கு வேலையே இல்லை. விரிசல் இல்லேன்னா தாராளமா ஊறுகா போடுங்க."

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா ஆவக்காய்ப் பக்குவம் சொன்னார். கீழ்வீட்டுக் கன்னட அம்மா காய் நறுக்கினார். மூன்று பாஷையிலும் ஜாடி, ஜாடிதான்!

ஷோகேஸில் இப்போது அந்த இடம் காலி. சாப்பாட்டு மேஜை நிறைந்திருக்கிறது.