ஐம்பதுக்குப் பிறகு ஒரு விண்ணப்பம்

வேலை தேடுவது இளைஞர்களுக்கே உரிய துன்பம் என்றுதான் நம் கதைகள் பெரும்பாலும் சொல்லி வந்திருக்கின்றன. சான்றிதழ்களைக் கோப்பில் செருகிக்கொண்டு படியேறி இறங்கும் பட்டதாரியை நாம் நன்கறிவோம். கல்லூரிக்குப் போகும் மகளுக்குத் தகப்பனான ஒருவர் அதே படியில் அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்க நிற்பதை இலக்கியம் அதிகம் பொருட்படுத்தவில்லை.

நாங்கள் மூவர். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக அருகருகே அமர்ந்து மெய்ப்புத் திருத்தியவர்கள். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் அச்சுவேலை நின்றது. மறுபடி தொடங்கியபோது எங்கள் மேசைகள் அங்கே இல்லை. அன்று மூத்தவருக்கு 51, இளையவருக்கு 48.

‘ஐந்தாண்டு அனுபவம் தேவை, வயது 35க்குள்’ என்பது விளம்பரங்களின் நிரந்தர வாசகம். எங்கள் நலம் நாடும் இளைஞன் ஒருவன், மனிதவளத் துறையில் இருப்பவன், தன்விவரக் குறிப்பிலிருந்து பட்டம் பெற்ற ஆண்டை எடுத்துவிடச் சொன்னான். எடுத்தோம். பிறகு 2000க்கு முந்திய பணிகளையும் எடுக்கச் சொன்னான். ஈய எழுத்துகளின் நடுவே தொழில் பழகிய நாட்கள் அத்தோடு போயின. வேலைக்குத் தகுதி தந்த ஆண்டுகள் எவையோ அவற்றையே ஒளித்து வைத்தால்தான் கதவு திறக்கும் போலும். எங்களில் ஒருவர் நேர்முகத்துக்கு முதல்நாள் தலைக்குச் சாயம் பூசி, ஒவ்வாமையால் நெற்றியோரம் சிவந்து தடித்த நிலையிலேயே போய் வந்தார்.

முடிவு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘சார்’ என்றால் சிறிது நம்பிக்கை கொள்ளலாம். ‘உட்காருங்க அங்கிள்’ என்றால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்தச் சொல்லில் அவமதிப்பு இல்லை. உண்மையான பரிவு இருக்கிறது. ஆகவே சண்டையும் போட முடிவதில்லை.

புதியதைக் கற்றுக்கொள்ள இயலுமா என்ற கேள்வி மட்டும் எங்களைச் சுடுகிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது நாங்கள் தொடக்கப் பள்ளியில் இருந்தோம்; கொம்பு வளைத்து எழுதப் பழகிய ‘லை’யையும் ‘னை’யையும் அழித்துப் புதிதாக எழுதினோம். வேலைக்கு வந்தபின் ஈயம் போய்க் கணினி வந்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் எழுத்துரு. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். 1999இல் தமிழ்நெட் 99 விசைப்பலகை, பிறகு ஒருங்குறி. தாய்மொழியின் எழுத்தையே இத்தனை முறை மறுபடி கற்றவர்களிடம்தான், இன்னொரு மென்பொருள் வருமா என்று கேட்கிறார்கள்.

சட்டத்தைப் புரட்டினால் ஆறுதல் இல்லை. அரசுப் பணியில் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறப்பிடம், வாழிடம் ஆகியவற்றைச் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நாற்பதைக் கடந்தவர்களுக்கென 1967லேயே சட்டம் வந்தது. அங்கும் ஒதுக்குவார்கள்தான், ஆனால் அதை விளம்பரத்தில் அச்சிடக் கூசுவார்கள். தமிழக அரசு 2021இல் தன் ஊழியரின் ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஆக, 59 வயதில் மனிதனால் உழைக்க முடியும் என்பது அரசுக்கும் தெரியும். அதே அரசின் வேலையற்றோர் உதவித்தொகையோ பொதுவாக நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45). வைப்புநிதி ஓய்வூதியம் முழுதாய்க் கிடைப்பது 58இல். முன்கூட்டியே வாங்கினால் ஆண்டுக்கு நான்கு சதவீதம் குறையும். நாற்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடையில் நாங்கள் என்னவாக இருக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தாரிடம், ‘அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்’ என்று சொல்லும் வசதியைத் தொற்றுக்காலம் எங்கள் மனைவியருக்கு அளித்திருக்கிறது. பக்கக் கணக்கில் கூலி தரும் மெய்ப்பு வேலை அவ்வப்போது வருவதால் அது முழுப்பொய்யும் அன்று.

சென்ற வாரம் வயது குறிப்பிடாத விளம்பரம் ஒன்று வந்தது. ஒரே ஓர் இடம். வழக்கமாக இத்தகைய செய்திகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். இம்முறை மூவருமே சொல்லவில்லை, மூவருமே விண்ணப்பித்திருக்கிறோம். இதைச் சேர்ந்தெழுத உட்கார்ந்தபோதுதான் அது தெரியவந்தது.