வண்டுக்கு வலிக்குமா?

தென்னையில் காண்டாமிருக வண்டு விழுந்திருக்கான்னு தெரிஞ்சுக்க மரம் ஏற வேண்டியதில்லை. கீழே நின்னு விரிஞ்ச மட்டையைப் பார்த்தாலே போதும். கத்தரியால் வெட்டின மாதிரி ஓலை முக்கோணம் முக்கோணமா நறுக்கியிருக்கும். மட்டை குருத்தா சுருண்டு இருக்கும்போதே வண்டு துளைச்சுட்டுப் போன அடையாளம் அது. பெரிய மரம் தாங்கிக்கும். சின்னக் கன்னுக்குக் குருத்து போனா எல்லாம் போச்சு.

நாட்றம்பள்ளியில என் தோப்புல இதுக்குப் பழைய வழி கம்பிதான். கொக்கி முனையை ஓட்டைக்குள்ள விட்டு, வண்டைக் குத்தி வெளியே இழுக்கணும். லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா பொண்ணு இதைப் பார்த்துட்டு, "மாமா, அதுக்கு வலிக்காதா?"ன்னு கேட்டா. பூச்சிக்கு என்னம்மா வலின்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரலை.

ஏன்னா இது நேத்து முளைச்ச கேள்வி இல்லை. தொல்காப்பியம் மரபியல்ல உயிர்களை அறிவு வாரியா அடுக்கும்போது எறும்புக்கும் கரையானுக்கும் மூணு அறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நாலு அறிவு. வெறும் ஜடம்னு எதையும் தள்ளலை. எங்க பக்கத்துலயே ஆம்பூரை ஒட்டி மலையாம்பட்டுல அர்மாமலைக் குகை இருக்கு. அங்கே சமண ஓவியங்கள் உண்டு. எறும்பையும் மிதிக்காம நடக்கணும்னு நினைச்ச மக்கள் புழங்கின ஊர்தான் இது.

விஞ்ஞானிகளும் ஒரு முடிவுக்கு வரலை. கால் நசுங்கின பூச்சி நொண்டாம அதே காலை ஊன்றி நடக்குது, அதனால நம்ம மாதிரி வலி இருக்காதுன்னு 1980-களில் எழுதினாங்க. 2022-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்துல பம்பிள்பீ என்கிற தேனீ வகை, எந்தத் தீனியும் கிடைக்காட்டாலும் சின்ன மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டி விளையாடினதைப் பதிவு செஞ்சாங்க. 2024 ஏப்ரல்ல நியூயார்க்ல விஞ்ஞானிகள் பலர் கையெழுத்துப் போட்ட அறிக்கை, பூச்சிகளுக்கும் உணர்வு இருக்க வாய்ப்பு உண்டுன்னு சொல்லுது. இருக்குன்னு சொல்லலை, இல்லைன்னு ஒதுக்க முடியாதுன்னு சொல்லுது.

நகரத்துல இருக்கிற நண்பர்கள் பலர், இயற்கை விவசாயம்னா உயிர்க்கொலை இல்லாத விவசாயம்னு நினைக்கிறீங்க. அது அப்படி இல்லைங்க. ஆமணக்குப் புண்ணாக்கை ஊற வெச்ச பானை, மருந்து இல்லாத முறைதான். ஆனா வாசனைக்கு வந்த வண்டு அந்தத் தண்ணிக்குள்ளேயே தத்தளிச்சுச் சாகுது. எருக்குழியில மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தா, அது புழுவோட தோல்ல ஒட்டி, உள்ளே வளர்ந்து, நாள் கணக்குல கொல்லுது. செத்த புழு விறைச்சுப் பச்சையா கிடக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்ச இலையைப் புழு தின்னாம பட்டினி கிடக்கும். மண்ணுக்கும் நமக்கும் நல்லது எல்லாமே புழுவுக்கு சுகமான சாவு இல்லை. அந்த வகையில பார்த்தா என் கம்பிக்குத்து ஒரே நொடி.

அதுக்காக வண்டை விட்டுட முடியாது. வெச்ச கன்னு காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அத்தனை வருஷத் தண்ணியும் கூலியும் ஒரு குருத்துல இருக்கு. கட்டுற பட்டுக்குக் கூட்டோட வெந்த புழுக்களையும், போடுற ஆம்பூர் செருப்பையும் கணக்குல எடுத்தா, கொல்லாம வாழறவங்க நம்மில் யாரும் இல்லை.

ஆனா எத்தனை கொல்றோம், எப்படிக் கொல்றோம்ங்கிறது நம்ம கையில இருக்கு. வண்டு முட்டை வைக்கிறது எருக்குழியிலயும் மக்கின தென்னந்துண்டுலயும்தான். பட்டுப்போன மரத்தைத் தோப்புல கிடக்க விடாம அப்புறப்படுத்தினா, எருவை மாசக்கணக்குல தேக்காம வயலுக்கு அடிச்சா, குழி மேல வலை போட்டா, பிறக்கிற வண்டே குறையும். கன்னோட மட்டை இடுக்குல அந்துருண்டையை வெச்சு மேல மணல் போட்டா, வர்ற வண்டு வாசனைக்கு விலகிப் போயிடும். பிறக்காத வண்டைக் கொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் மீறிக் குருத்துக்குள்ள இறங்கினதைக் கம்பியால எடுக்கிறேன். எடுத்ததைத் துடிக்க விட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போறதில்லை. அங்கேயே நசுக்கிடறேன். வலி இருந்தா அதோட முடியட்டும். இல்லைன்னா எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை, அரை நிமிஷ வேலைதான்.