வாகைக் கட்டை

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் வாகைத் திணை நடத்திவரும் நமக்கு, வாகை மரத்தை முதன்முதலாகச் சரியாக அறிமுகப்படுத்தியது ஒரு துப்பாக்கி என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நடந்தது அதுதான்.

தந்தையாரின் காரியங்கள் முடிந்த மறுநாள், அரிமளம் வீட்டின் மச்சுப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடந்த துப்பாக்கியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. உரிமம் அவர் பெயரில் இருந்தது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் வாரிசுகள் ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க இயலாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ காலம் தாழ்த்தாமல் சேர்க்க வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன்பின் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். வேண்டாமென்றால் அரசிடமே விட்டுவிடலாம். காவல் நிலையத்தில் தகவல் தந்துவிட்டு, திருச்சியில் ஒரு வணிகரிடம் அதை வைத்தோம். முடிவெடுக்கச் சில மாதங்கள் கிடைத்தன.

அது ரைபிள் அன்று. ரைபிளின் குழலுக்குள் திருகுபுரிபோல் வரிகள் ஓடும். குண்டு சுழன்றபடி நேராகச் செல்லும். நம்முடையது உட்புறம் வழுவழுப்பான ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்திட்டுக் கோலால் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அரசு ஏடுகளில் அதற்கு 'எஸ்.பி.எம்.எல்.' என்று பெயர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைவதற்கு முன்பே, பாட்டனாருக்காக யாரோ ஒரு கொல்லர் செய்து தந்தது என்பதே வீட்டில் வழங்கிய வரலாறு. கொல்லரின் பெயரை எவரும் சொன்னதில்லை. குழலில் ஓர் எண் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

நம் கடலைக் கொல்லை காட்டோரம் இருந்தது. இன்று தைலமரங்கள் வரிசை கட்டி நிற்கும் இடங்களில் அன்று காரையும் சூரையும் மண்டிய புதர்க்காடு. இரவில் பன்றிகள் இறங்கும். 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவற்றை அனுமதியின்றிச் சுடுவது குற்றம் என்பதால், குண்டு போடாமல் மருந்தையும் தேங்காய் நாரையும் மட்டும் கெட்டித்து வானை நோக்கி வெடிப்பார் தந்தையார். தேர்தல் வரும்போதெல்லாம் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காவல் நிலையத்தில் வைக்கப் போவார், முடிந்ததும் மீட்டுவருவார். ஒவ்வொரு முறையும் செய்தவனைத் திட்டுவார். "துப்பாக்கியா செஞ்சான், உலக்கையில்ல செஞ்சுருக்கான்" என்பது அவர் வாக்கு. அடிப்பக்கம் அவ்வளவு கனம். சிறுவயதில் நாம் தூக்க முயன்று, வாய் மேலே எழும்பி அடி தரையில் இடித்ததுண்டு. ஊர்க்கொல்லன் ஒருவனுக்கு இரும்பை எங்கே மிச்சப்படுத்துவது என்று தெரியவில்லை என்றே நாமும் எண்ணிவந்தோம்.

இங்கே தமிழாசிரியனின் பழக்கத்தில் ஒரு சொல் விலகல். துப்பாக்கி என்பது துருக்கிய மூலத்திலிருந்து நம்மிடம் வந்த சொல்; ஈழத்தார் சொல்லும் துவக்கும் அதன் உடன்பிறப்பே. ஆனால் உறுப்புகளுக்கு நாம் வெளியே கைநீட்டவில்லை. சுத்தியல்போல் வந்து அடிப்பது குதிரை. அதைத் துள்ளவைக்கும் சுருளற்ற பட்டை இரும்பு வில். உள்ளே எரிவது மருந்து. நோய்க்குக் கொடுப்பதையும் குழலில் கெட்டிப்பதையும் ஒரே சொல்லால் அழைத்த முன்னோரை நினைத்து வகுப்பில் பலமுறை வேடிக்கை செய்திருக்கிறோம். இரண்டிலும் அளவு பிசகினால் ஆள் போய்விடுவார் என்பதை வேடிக்கைக்கு இடையில் நாம் யோசித்ததில்லை.

ஆறு மாதம் கழித்துத் திருச்சிக்குப் போனபோது, அந்த வணிகரிடம் பழுது பார்க்கும் பெரியவர் நம் துப்பாக்கியைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தார். திருச்சியில் 1966இல் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தாமாகவே பேசுகிறவர் அல்லர், கேட்டால் சொல்வார். குழலின் ஒரு சாண் நீளத்தை உப்புத்தாள் கொண்டு துடைத்து, எலுமிச்சைச் சாற்றைத் தடவி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பிவந்து ஈரத்துணியால் துடைத்தபோது, கரிய இரும்பில் கயிறு முறுக்கியதுபோல் சாய்கோடுகள் மங்கலாக எழுந்தன.

பட்டை இரும்பைக் காய்ச்சி ஒரு கம்பியின்மேல் சுருளாகச் சுற்றி, சுற்றோடு சுற்று ஒட்டுமாறு அடித்து இணைத்த குழல் அது. நீளவாக்கில் மடித்து ஒட்டினால் வேலை எளிது. ஆனால் வெடிப்பின் அழுத்தம் குழலைப் பக்கவாட்டில் பிளக்கவே முயலும். ஒட்டும் நீளவாக்கில் இருந்தால் அதுவே பிளக்கும் வழியாகிவிடும். சுருளில் ஒட்டு குறுக்கே போகிறது; பிளவுக்கு நேர்வழி கிடைப்பதில்லை. தண்ணீர்க்குழாயைக் குழலாக்கிக் கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கிகள் கையோடு வெடிப்பதற்குப் பெரும்பாலும் அந்த நீளவாக்கு ஒட்டே காரணம் என்றார் பெரியவர். நம் பக்கத்து ஊரில் அப்படி இரண்டு விரல் போனவர் ஒருவரை நாம் அறிவோம்.

இரும்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டோம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் பழைய பட்டாவாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். அடிபட்டு அடிபட்டு அழுக்குப் போன இரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற துப்பாக்கிக் கொல்லர்களும் குதிரை லாடத்தின் பழைய ஆணிகளைத் தேடி வாங்கி, அவற்றை அடித்து ஒன்றாக்கியே உயர்ந்த குழல்களைச் செய்தார்கள். அங்கே லாடம், இங்கே வண்டிப்பட்டா.

நமக்கோ வேறு பெருமை இருந்தது. கொடுமணல் உலைகளையும், மேலைநாட்டார் தேடிவந்த நம் உருக்கையும் பற்றி மேடைகளில் முழங்கியிருக்கிறோம். "உருக்கிலே செஞ்சிருந்தா இன்னும் உறுதியா இருந்திருக்குமே, ஐயா?" என்றோம்.

"அது வாளுக்குத் தம்பி. இதுக்குக் கூடாது. இங்க விரலை வையுங்க" என்றார்.

வைத்தோம். குழலின் அடியிலிருந்து ஒன்றேகால் சாண் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடு. மோதிரம்போல் குழலைச் சுற்றி ஓடியது. உள்ளே விளக்கைச் செலுத்திக் காட்டினார். அதே இடத்தில் ஒரு நிழல் வளையம்.

அதை அவர் படித்துச் சொன்ன விதம், கல்வெட்டு அறிஞர் ஒருவர் படிப்பதைப் போலிருந்தது. இந்தத் துப்பாக்கி ஒருமுறை தப்பாகக் கெட்டிக்கப்பட்டிருக்கிறது. தக்கை மருந்தின் தலையில் போய் அமரவேண்டும், இடைவெளி விழக்கூடாது. நனைந்த நாரோ அவசரமோ, தக்கை பாதிவழியில் நின்றிருக்கிறது. மருந்து பற்றியதும் விரிந்து வந்த வாயு அந்த அடைப்பில் மோதி, அவ்விடத்தில் மட்டும் அழுத்தம் பன்மடங்காகியிருக்கிறது. கடினமான எஃகு அதைத் தாங்கும்வரை தாங்கும். தாங்காத கணத்தில் சில்லுகளாகப் பறக்கும். இது தேனிரும்பு, மெத்தென்றது. தாங்காதபோது முதலில் உப்பும். உப்பியதோடு அன்று பிழைத்துக்கொண்டது.

குழலை எடைகாட்டி நம் கையில் தந்தார். அடியில் விரற்கடை கனம்; நடுவரை அந்தக் கனம் மெல்லவே குறைந்து, வாயருகில் தகடுபோல் மெலிந்திருந்தது. மெத்திரும்பைத் தேர்ந்ததற்குக் கொல்லர் கொடுத்த விலை அந்தக் கனம். பலம் குறைந்த பொருளை எடுத்தால் பருமனைக் கூட்ட வேண்டும். இலகுவான, அழகான, சந்தையில் உடனே விலைபோகும் துப்பாக்கி அவருக்கு வேண்டியிருந்தால் வேறு வழி பிடித்திருப்பார். இரவில், மழையில், அரைத்தூக்கத்தில், தப்பாகக் கெட்டிக்கக்கூடிய ஒரு குடியானவனின் கையை அவர் கணக்கில் எடுத்திருக்கிறார். நம் தந்தையார் 'உலக்கை' என்று ஏசியது இதைத்தான்.

கட்டைக்கு வருவோம். அதைத் தேக்கு என்றே நாம் நினைத்திருந்தோம். பெரியவர் அடிப்பகுதியில் சிறிது சீவி மூக்கருகே கொண்டுவந்தார். நமக்குத் தும்மல் வந்தது. "வாகை. தச்சருங்களும் தும்முவாங்க" என்று சிரித்தார். தேக்கு கரையானுக்கு அஞ்சாது, ஆனால் இழைவாக்கில் பிளக்கும். துப்பாக்கியின் பின்னுதைப்பு இழையை ஆப்புப்போல் பிளப்பது. ஐரோப்பியர்கள் இதற்கென்றே வால்நட் மரத்தைக் கொண்டாடினார்கள். நமக்கு அது காஷ்மீரத்தில். நம் வாகைக்கு ஆங்கில மரவணிகர்கள் வைத்த பெயர் கிழக்கிந்திய வால்நட் என்பதை அன்று மாலை படித்தறிந்தோம். பெயர் தெரியாத அந்தக் கொல்லர் மரவணிகப் பட்டியலைக் கண்டிருக்க மாட்டார். கொல்லைப்புறத்தில் நெற்று கலகலத்துக்கொண்டு நின்ற மரத்தின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது. வென்றவன் சூடும் பூவென்று மட்டும் நாம் மாணவர்க்குச் சொல்லிவந்திருக்கிறோம்.

பெரிய தொழிற்சாலைகளும் இந்த மரச்சிக்கலில் மாட்டிக்கொண்டவையே. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இசாப்பூரில் செய்த பழைய .303 ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி ஓடுவதை நாட்டு நலப்பணி அல்ல, தேசிய மாணவர் படையில் இருந்தபோது பார்த்திருக்கிறோம். எதற்கென்று அன்று கேட்கவில்லை. கட்டை பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கவே அது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் வால்நட் கிடைக்காதபோது உள்ளூர் மரங்களுக்கு மாறினார்கள். அவற்றுள் ஒன்று உதைப்பைத் தாங்காத மெல்லிய மரமென்று கண்டு, இரும்பு வந்து இடிக்கும் இடத்தில் செப்புத் தகடு பதித்தார்கள். நம் கொல்லர் குழலையும் கட்டையையும் ஆணியால் துளைக்கவே இல்லை. மூன்று பித்தளை வளையங்களால் சேர்த்துக் கட்டியிருந்தார். மரம் வெயிலில் சுருங்கலாம், மழையில் ஊதலாம். வளையம் சற்று நகர்ந்துகொடுக்கும்.

இசாப்பூர் என்றதும் இன்னொன்று. 1962 சீனப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை பழைய .303இன் வடிவத்தையே வைத்துக்கொண்டு, அழுத்தம் மிகுந்த 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற ரைபிளைச் செய்தது. அங்கே வடிவம் நின்றது, எஃகை மாற்றினார்கள். எஃகை மாற்றும் வசதி நம் கொல்லருக்கு இல்லை. அவர் வடிவத்தைத்தான் பருக்கவைக்க முடிந்தது.

அன்றிரவு அரிமளம் திரும்பி, அம்மாவிடம் அந்த வளையத்தைப் பற்றிச் சொன்னோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நீ நாலாப்பு படிச்சப்ப. ஐப்பசி மழை. ராத்திரி கொல்லையிலருந்து காதுல கைய வச்சுக்கிட்டே வந்தாக உங்கப்பா. நான் பேசுறது அவுகளுக்குக் கேக்கல. விடியிற வரைக்கும் திண்ணையிலயே உக்காந்துருந்தாக. யார்ட்டயும் சொல்லாதேன்னாக."

அவருடைய இடக்காது மந்தம். வயதால் வந்தது என்று நாம் மருத்துவரிடம் அழைத்துப்போயிருக்கிறோம். அந்த ஐப்பசிக்குப் பிறகு வீட்டில் வெடிச்சத்தம் கேட்டதாக நமக்கும் நினைவில்லை. கொல்லையில் தகரம் தட்டினார்கள். ஆனாலும் உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்தார், எண்ணெய் போட்டுத் துடைத்தார், தேர்தல்தோறும் சுமந்துபோனார், செய்தவனை முன்னைவிட உரக்கத் திட்டினார். தன் உயிரைக் காத்தவனிடம் அவர் கடன்பட்டிருந்ததை வேறெப்படிச் சொல்லத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. அல்லது உண்மையிலேயே அந்த வளையம் இருப்பது அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். இதில் நம்மால் முடிவுக்கு வர இயலவில்லை.

துப்பாக்கியை வைத்துக்கொள்ள ஆசை வந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் உப்பிய குழலை மீண்டும் வெடிக்கக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். வெடிக்காத ஆயுதத்துக்குப் பயிர்க்காவல் என்று காரணம் எழுதி உரிமம் கேட்கப் பேனா ஓடவில்லை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1855இல் முடிந்தபின், அரண்மனையின் பெரும் ஆயுதசாலையே கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் சேர, மற்றவை பழைய உலோகமாயின. அரசர்களின் இரும்புக்கே அந்தக் கதி.

ஒப்படைப்புப் படிவத்தில் 'தயாரித்த நிறுவனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பெயர் தெரியாத கொல்லர், புதுக்கோட்டைச் சமஸ்தானம்' என்று எழுதினோம். எழுத்தர் படித்துப் பார்த்து, "நிறுவனம்னா கம்பெனி பேரு சார்" என்று மரியாதையாகவே அடித்துவிட்டு, 'நாட்டு வகை' என்று எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "கட்டையையாச்சும் கழட்டிக் கொண்டாந்துருக்கலாமே. அவுக கன்னம் பட்டுப் பட்டு மினுமினுன்னு இருந்துச்சு."

முழு ஆயுதமாகத்தான் கொடுக்கவேண்டும் அம்மா என்றோம். சரியென்று உள்ளே போய்விட்டார்.