முதலில் குளத்தைப் பார்த்தோம்

இரவு நல்ல மழை. அதனால்தான் புது வீட்டுச் சாவி வாங்க இன்றைக்கே போய்விடுவோம் என்று அக்கா மகனிடம் சொன்னேன். வெயில் நாளில் எந்தக் குடியிருப்புத் தாமானும் அழகாகத்தான் இருக்கும். மழை விட்ட காலையில் போனால்தான் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

ஒன்பது மணிக்கு மேரு சாலையை விட்டு உள்ளே திரும்பினோம். பின் இருக்கையில் அக்கா, மடியில் புதுப் பித்தளைச் செம்பு. சாவி கைக்கு வந்ததும் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். கிள்ளானைச் சுற்றியுள்ள பல தாமான்களைப் போல இதுவும் தோட்ட நிலம்தான். சில ஆண்டுகளுக்கு முன்வரை செம்பனை, அதற்கு முன் பால்மரம். லயத்தில் பிறந்து, பொதுக்குழாயில் வரிசை நின்று தண்ணீர் பிடித்து வளர்ந்த அக்காவின் மகன், அதே மாதிரி ஒரு நிலத்தில் சொந்தமாக மாடிவீடு வாங்கியிருக்கிறான்.

மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் சாவிக்கொத்து மேசைமேல் தயாராக இருந்தது. "முதல்ல சி.சி.சி காட்டும்மா," என்றேன். "இருக்கு அங்கிள், காப்பி எடுத்துத் தர்றேன்," என்று அந்தப் பெண் உடனே எழுந்தார்.

சி.சி.சி என்று நாம் சொல்லும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் 2007 ஏப்ரல் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது சி.எஃப், நகராண்மைக் கழகம் கொடுத்தது. இப்போது திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தம் பொறுப்பில் எஃப் பாரத்தில் கையெழுத்திடுகிறார். அந்த எஃப் பாரத்துக்குக் கீழே 21 ஜி பாரங்கள் இருக்கின்றன. மண் வேலை, அடித்தளம், வெளிக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சாலையும் கால்வாயும், தெருவிளக்கு, மரம் நடுவது வரை, ஒவ்வொன்றையும் செய்தவரும் மேற்பார்த்தவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, சாலை-கால்வாய் ஆகியவற்றுக்கு உரிய துறைகளின் ஒப்புதலும் வேண்டும். அடுக்குமாடி என்றால் லிஃப்டும் தீயணைப்பு அமைப்பும் சேரும். இவை இல்லாமல் சாவி கொடுத்தால் அது சாவி கொடுத்ததாகவே ஆகாது.

இந்தக் காகிதத்தை நான் இப்படிக் கேட்டு வாங்குவதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் ஒரு வீட்டுச் சாவி கிடைத்தது. சி.எஃப் மட்டும் கிடைக்கவில்லை. கழிவுநீர் வேலை முடியவில்லை என்றார்கள், பிறகு சாலை என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு கையால் வாடகையும் மறு கையால் வங்கித் தவணையும் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பூட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். அப்போதெல்லாம் தரைவீடு வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு இதே கதை. சாவியையும் சான்றிதழையும் ஒரே முடிச்சாகப் போட்டதை, வீடு வாங்குகிற ஏழைபாழைகளுக்கு இந்த நாடு செய்த பெரிய நல்ல காரியங்களில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

காகிதத்தை வாங்கிக்கொண்டோம். "வீட்டுக்குப் போவோமா?" என்றான் மருமகன். "குளத்துக்குப் போவோம்," என்றேன்.

தாமானின் பின்கோடியில், கம்பி வேலிக்குள் இருந்தது வெள்ளத் தேக்கக் குளம். சைட் சூப்பர்வைசர், காப்பார்க்காரத் தம்பி, எங்களோடு நடந்து வந்தார். இரவு மழையில் தண்ணீர் கரையின் பாதிக்குமேல் ஏறியிருந்தது. அதற்குமேல் இன்னும் ஒரு முழம் உயரத்துக்குப் புல்லில் சேற்றுக்கோடு. "ராத்திரி அதுவரைக்கும் ஏறி இறங்கியிருக்கு அண்ணே," என்றார். வெளியேறும் வாய் சின்னதாக இருந்தது. வேண்டுமென்றே சின்னதாக வைக்கிறார்கள். மரங்கள் நின்றபோது மண் குடித்த மழையை இப்போது கூரையும் தாரும் நொடியில் தள்ளிவிடுகின்றன. அந்த வேகத்தைக் குளம் வாங்கிப் பிடித்து, மெல்ல விட வேண்டும். வீடுகள் வருவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து உச்ச மழையில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வெளியேறியதோ, வந்த பின்னும் அதைத் தாண்டக் கூடாது என்பது வடிகால் துறையின் விதி. அத்துறையின் மழைநீர்க் கையேடு 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2012இல் திருத்தப்பட்டது.

கிள்ளானில் இது இன்னும் கடினம். தாழ்ந்த, தட்டையான நிலம். கடல் ஏறும்போது அலைக்கதவுகளை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் மழையும் கொட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. நிலத்தடியிலோ ஆழம்வரை மென்மையான கடற்களிமண். வீடு பைலிங்கில் நிற்கிறது, அசையாது. சாலையும் கார் நிறுத்தும் இடமும் லோங்காங் எனும் தெருக்கால்வாயும் வெறும் மண்மேல் இருப்பதால் மெல்ல மெல்ல இறங்கும். பழைய தாமான்களில் வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி விட்டிருப்பதைக் கிள்ளான்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

குளக்கரையில் நின்றபோது எனக்கு ஸ்ரீ மூடாதான் நினைவுக்கு வந்தது. 2021 டிசம்பர் 18. கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் தாமானில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அடுத்த வாரம் சேறு அள்ள நானும் போயிருந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. ஒரு தாமானின் சான்றிதழ் அந்தத் தாமானின் வேலியோடு முடிகிறது. ஆற்றின் மேற்பகுதியில் அடுத்தடுத்து எழும் நூறு தாமான்களும் சேர்ந்து ஆற்றுக்கு என்ன செய்கின்றன என்று அதில் கையெழுத்திட யாரும் இல்லை. தண்ணீருக்கு வழி விடாததற்கு நாம் கொடுத்த விலை இன்னும் பழையது: 1993 டிசம்பர் 11, உலு கிள்ளான், ஹைலண்ட் டவர்ஸ். பின்மலையின் வடிகால் சரியில்லாமல் மண் சரிந்து ஒரு கட்டடம் சாய்ந்தது. 48 உயிர்கள்.

பிறகு தெருத்தெருவாக நடந்தோம். தெனாகாவின் துணை மின்நிலையம் பூட்டிக் கிடந்தது, உள்ளே இரைச்சல் கேட்டது. உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பொம்பா தீயணைப்புத் தண்ணீர்க்குழாய் 91.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னதும் மருமகன் அடி எண்ணிக்கொண்டே போனான். எழுபது அடிகூட ஆகவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார், ஆனால் நாற்றம் பெரிதாக இல்லை. வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் இதன் அளவை முடிவு செய்கிறார்கள். முந்நூறு வீட்டுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கும் மேல். "இப்ப எத்தனை வீட்டுல ஆள் இருக்கு?" என்றேன். "இன்னும் யாரும் வரல அண்ணே." ஆள் இல்லாத தாமானில் நாற்றம் எங்கிருந்து வரும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக வீடு. அக்கா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். காற்று மட்டும் சீறியது. அவர் முகம் வாடிவிட்டது. ஒப்பந்தத்தில் 'இணைப்புக்குத் தயார்' என்றுதான் இருக்கிறது. தெருவரை குழாய் வந்து, சோதித்து, ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. மருமகன் தன் பெயரில் ஆயர் சிலாங்கூரிடம் விண்ணப்பித்து மீட்டர் வைத்த பிறகுதான் தண்ணீர் வரும். மின்சாரமும் அப்படியே. செம்பைத் துணியில் சுற்றி மறுபடியும் பைக்குள் வைத்தார் அக்கா.

ஓடு, கதவு, ஜன்னல் எல்லாம் மருமகன் பார்த்துக்கொண்டான். குறைகளைச் சரிசெய்ய 24 மாதம் இருக்கிறது. விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞர் கையில் நிற்கும்: பாதி எட்டாவது மாதத்தில், மீதி 24ஆவது மாதத்தில் விடுவிப்பார்கள். நான் வாசலிலேயே நின்றேன். வீட்டு முன் லோங்காங்கில் இரவு மழை இன்னும் நகராமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு குச்சியைப் போட்டேன். போட்ட இடத்திலேயே கிடந்தது.

அலுவலகத்தில் குறைப் பாரத்தை நிரப்பும்போது அதையும் எழுதச் சொன்னேன். அந்தப் பெண் தயங்கினார். "அங்கிள், இது வீட்டுக் குறைக்கான பாரம். லோங்காங் பொதுவானது, இதுல வராது."

அவர் சொன்னது தப்பில்லை. அந்தப் பாரம் வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் மாநகர் மன்றம் ஏற்றுக்கொள்ளும்வரை சாலையையும் கால்வாயையும் பராமரிக்க வேண்டியது மேம்பாட்டாளர்தான். கட்டிய தவணைகளில் சாக்கடைக்கும் கால்வாய்க்கும் சாலைக்கும் என்று தனித்தனியாகவே பணம் வாங்கியிருக்கிறார்கள். தனிக் கடிதம் எழுதுவோம், பிரதி மாநகர் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு என்று மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா குறுக்கிட்டார். "கடிதமும் எழுதுங்க. இதுலயும் எழுதுங்க. தண்ணி நிக்குதுன்னு எழுதறதுக்கு என்ன?"

மருமகன் கடைசி வரியில் எழுதினான்: வீட்டு முன் கால்வாயில் நீர் ஓடவில்லை. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு முத்திரையைக் குத்தி, தேதி போட்டு, பிரதியை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்துச் செம்புக்குள் வைத்துக்கொண்டார்.